உடைந்த ரிம்மை எறிந்துவிடாதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. உன் ரிமோட் கார் பக்கியின் பின்சக்கரம் நடுவிலிருந்து விளிம்பு வரை பிளந்து கிடப்பதைப் பார்த்தேன். “மூணாவது ரிம் இதும்மா, இனிமே அலுமினியம்தான்” என்று கீழே எழுதியிருந்தாய். போனில் பேசினால் பாதிதான் சொல்லி முடிப்பேன், அதனால்தான் கடிதம். அலுமினியம் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடு.

இருபத்திரண்டு வருஷம் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் மிஷின் முன்னால் நின்றவள் நான். ரிமோட் கார் ரிம் நான் போட்டதில்லை. ஆனால் நைலான் கியரும் புஷ்ஷும் உருளையும் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. எங்கே உடைந்தது என்று பார்த்தால் ஏன் உடைந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளவு ரிம்மில் இருக்கும் சின்னக் காற்றுத் துளையின் வெளிப்பக்க ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு காரணம் உண்டு.

அச்சுக்குள் துளை வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கம்பி நிற்கும். உருகிய பிளாஸ்டிக் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடி வரும்போது அந்தக் கம்பியைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, அதன் மறுபக்கம் போய் மறுபடி சேரும். சேர்வதற்குள் இரண்டின் முனையும் கொஞ்சம் ஆறியிருக்கும், அதனால் முழுசாக ஒன்றாகாது. மயிர் போல ஒரு கோடு விழும். நாங்கள் அதை வெல்ட் லைன் என்போம். மற்ற இடங்களை விட அங்கே பலம் குறைவு. ஆரம் ஆரமாக இருக்கும் ஸ்போக் ரிம்மில் இப்படிப்பட்ட சந்திப்புகள் இன்னும் அதிகம். மூடிய தட்டு மாதிரியான டிஷ் ரிம்மில் குறைவு, சேறும் உள்ளே அடையாது. நீ டிஷ் ரிம் போட்டிருப்பது சரிதான். துளைகளை நீயாக டிரில்லில் பெரிதாக்கினாயோ என்று மட்டும் சந்தேகமாக இருக்கிறது. டிரில் விட்டுப்போகும் பிசிறு ஒவ்வொன்றும் பிளவுக்கு ஒரு வாசல். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரத்தை மென்மையான உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிடு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. மிஷினிலிருந்து வந்த நைலான் கிளிப்புகளை ஆறியதும் ஆறாததுமாகப் பையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன். அவற்றை மாட்டும் இடத்தில் படபடவென்று உடைந்தன. பெட்டி முழுக்கத் திரும்பி வந்தது. நான் அழுதுவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் அதே பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வெந்நீரில் போட்டு, மறுநாள் என்னிடம் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார். வளைந்தது, விட்டதும் பழையபடி நிமிர்ந்தது. நைலான் நீர் குடிக்கும் பொருள். நைலான் 6 முழுதாக ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை நீரை வாங்கும். அச்சிலிருந்து வரும்போது எலும்பு போல உலர்ந்திருக்கும், அப்போது அடித்தால் உடையும். நீர் ஏறிய பிறகு அடியை வாங்கிக்கொண்டு வளையும்.

அதனால் புது ரிம் வாங்கினால் டயர் ஒட்டுவதற்கு முன் வெந்நீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு, ஒன்றிரண்டு நாள் ஊறவை. எடுத்துத் துடைத்து மேல் ஈரம் போக அரை நாள் வை. நீர் ஏறினால் நைலான் கொஞ்சம் உப்பும். ஆகவே ஆக்சில் முனையில் ரிம் உட்காரும் ஆறு மூலைத் துண்டான ஹெக்ஸில் மாட்டிப் பார்த்துவிட்டு ஒட்டு.

இதெல்லாம் நைலானுக்கு மட்டும்தான். ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த ரிம் ஊறவைத்தாலும் மாறாது. எது என்று தெரிய எங்கள் பட்டறையில் ஒரு வழி வைத்திருந்தோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து, உடைந்த துண்டைக் குமிழி ஒட்டாமல் துடைத்துப் போடு. ஏபிஎஸ் மிதக்கும், நைலான் மூழ்கும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் மூழ்கும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள். உன் உடைந்த ரிம்மை வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி அலுமினியம். பக்கி தாவி இறங்கும்போது மூன்று கிலோவுக்கு மேல் எடை ஒரே சக்கரத்தில் விழலாம். அந்த அடி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் ரிம் அந்தக் கணத்தில் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கிறது. அலுமினியம் அமுங்காது, அடியை அப்படியே பேரிங்குக்கும் ஆக்சிலுக்கும் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்முக்கும் அனுப்பும். தானே அடி வாங்கினால் நெளியும், நெளிந்தது நிமிராது. எடையும் கூடும். சுழலும் எடை கூடினால் மோட்டாருக்கும் கியருக்கும் சுமை, பிரேக்குக்கும் சுமை. நீ ஆகாயத்தில் த்ராட்டில் கொடுத்து மூக்கைத் தூக்குகிறாயே, அதுவும் நீ பழகிய அளவில் இருக்காது. ஒரு ரிம் உடைந்தால் ஒரு ரிம்தான் போகும். ஆர்ம் முறிந்தால் அன்றைய ஓட்டமே போச்சு. உன் வண்டிக்கு அலுமினியம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். காட்சிக்கு வைக்கும் வண்டி என்றால் வேறு.

டயர் ஒட்டுவதில் அவசரப்படாதே. 11 செ.மீ. விட்டமுள்ள டயர் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2,900 முறை சுற்றும். அந்த வேகத்தில் டயர் ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம் ரப்பர் அரை கிலோ போல வெளியே இழுக்கும். டயர் பலூன் மாதிரி விரிவது இதனால்தான். ஒரு சக்கரம் குழியில் மாட்டி நிற்கும்போது நீ த்ராட்டிலை அமுக்கினால், இரண்டு பக்கத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர் எதிர்ப்பக்கச் சக்கரத்தை இரண்டு மடங்கு வேகம் வரை சுழற்றும். இழுப்பு நான்கு மடங்காகும். பசை விடுவது பெரும்பாலும் அப்போதுதான், பசை விடாவிட்டால் ரிம்மின் ஓரம் பிய்யும். மாட்டிக்கொண்டால் விரலை எடுத்துவிட்டு நடந்து போய் வண்டியைத் தூக்கு, கண்ணா. புது ரிம்மில் அச்சுக்குத் தடவும் வழுக்கல் பூச்சு ஒட்டியிருக்கலாம். டயர் உட்காரும் பள்ளத்தைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்திவிட்டு சூப்பர் க்ளூ போடு.

பழைய டயரைக் கழற்ற நீ அசிட்டோன் வாங்கியதாகச் சொன்னாய். நைலான் அதைத் தாங்கும். ஏபிஎஸ் கரைந்து கூழாகிவிடும், பாலிகார்பனேட் வெடிப்பு விடும். உடைந்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகு மற்றதில் கை வை. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. ஜன்னலைத் திறந்து வை, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

நட்டைப் பற்றி முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உன்னுடையது 17 மி.மீ. ஹெக்ஸ். நட் கொஞ்சம் தளர்ந்து ஓடினாலும் ஹெக்ஸின் ஆறு மூலைகளும் ரிம்மின் உட்பக்கத்தை ஒவ்வொரு முடுக்கலிலும் அரைக்கும். மூலை மழுங்கும், அங்கிருந்து பிளவு கிளம்பும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நான்கு நட்டையும் சாவி போட்டுப் பார். அப்போதே ரிம்மை வெளிச்சத்தில் திருப்பி உட்பக்கம் பார். கறுப்பு ரிம்மிலோ வண்ண ரிம்மிலோ வெள்ளை பாய்ந்த கோடு தெரிந்தால் அந்த இடம் வலி தாங்காமல் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பயிற்சி ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்.

நீ விட்டுப்போன பழைய பக்கியின் ரிம்கள் அலமாரி மேல் ரொம்ப நாளாக உலர்ந்து கிடந்தன. நேற்று அவற்றை இறக்கிப் பார்த்தேன். இரண்டில் வெள்ளைக் கோடு இருக்கிறது. மற்ற இரண்டையும் வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன்.

அந்த உடைந்த ரிம்மின் உட்பக்கத்தையும் ஹெக்ஸ் உட்காரும் குழியையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா