வைடு லென்ஸ் பார்த்தாச்சு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ மதுரையில் பேசி முடித்த பழைய டோக்கினா 11-16 வைடு லென்ஸ் (அகலமாகப் படம் பிடிப்பது) பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மீதிப் பணத்தை அனுப்பும் முன் முழுக்கப் படித்துவிடு.

கண்ணாடி சுத்தம். பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்பை விரலால் தள்ளி, வெளிச்சம் நுழையும் துவாரத்தின் இதழ்களைத் திறந்து வைத்துக்கொண்டு, போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். தூசி நாலைந்து துணுக்கு இருக்கிறது, அது படத்தில் தெரியாது. நான் தேடியது பூஞ்சையை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு பீரோவைத் திறந்தால் லென்ஸுக்குள் நூல் நூலாக ஓடியிருக்கும். ஸ்டுடியோ நடத்திய காலத்தில் நல்ல லென்ஸ்கள் அப்படித்தான் போயின. இதில் அது இல்லை. நெம்பை விட்டால் இதழ்கள் சட்டென்று மூடுகின்றன, எண்ணெய்க் கசிவும் இல்லை. ஜூம் வளையம் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் எங்கும் உரசவில்லை.

அப்புறம் பின்வீட்டுப் பூசாத செங்கல் சுவர். அப்பாவின் நிக்கான் டி7000 கேமராவை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, ஜூமை மிக அகலமான 11-இல் வைத்து, துவாரத்தை 2.8 (முழுத் திறப்பு), 5.6, 8 என்று மாற்றி மாற்றி எடுத்தேன். 2.8-இல் நடு நன்றாக இருக்கிறது, மூலைகள் மங்கல். ஆனால் நாலு மூலையும் ஒரே மாதிரி மங்கல், அதுதான் முக்கியம். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடலாம். 5.6-க்கு மூடியதும் மூலைகள் தேறிவிட்டன.

இப்போது உனக்குப் பிடிக்காத விஷயம். இது பழைய மாடல், உள்ளே ஃபோகஸை ஓட்டும் மோட்டார் கிடையாது. இரண்டாவது பதிப்பில்தான் நிக்கானுக்கு மோட்டார் வைத்தார்கள். அப்பாவின் கேமராவிலேயே மோட்டார் இருப்பதால் இங்கே ஃபோகஸ் ஓடுகிறது. உன் டி5600-இல் ஓடாது, கையால்தான் திருக வேண்டும். விற்றவர் இதைச் சொன்னாரா? உன் மெசேஜில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் இதற்காகத் திருப்பி அனுப்பாதே. 11-இல், துவாரம் 8-இல், ஃபோகஸை ஒரு மீட்டருக்கு வைத்துவிட்டால் அரை மீட்டரிலிருந்து மலை வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும், திருகவே வேண்டாம். ஃபோகஸ் வளையத்தை உன் பக்கம் இழுத்தால் கைக்கு மாறிவிடும். 2.8-இல் பக்கத்து ஆளை எடுக்கும்போதுதான் கவனம் தேவை. உன் கேமராவின் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரியும் வரை பார்த்துத் திருகு.

சரி, எதற்கு வாங்குகிறாய்? "பொதிகை முழுசும் ஒரே படத்துல வேணும்" என்று எழுதியிருந்தாய். எய்யா, அதற்கு இது ஆகாது. வயல்காட்டில் நின்று எடுத்துப் பார்த்தேன். 1,868 மீட்டர் அகத்தியமலை அந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மேலே பாதி வானம், கீழே பாதி வரப்பு, நடுவில் எறும்பு வரிசை மாதிரி மலை. மலை பெரிதாக வேண்டுமென்றால் உன்னிடம் இருக்கும் 55-200 டெலி லென்ஸை மாட்டு.

அன்றைக்கே தெரு முனையில் அப்பளம் காயப்போட்டிருந்தார்கள். குனிந்து, கேமராவை ஒரு முழ உயரத்துக்கு இறக்கி, பாயை ஒட்டிப் பிடித்தேன். அதுதான் படம்! முன்னால் ஒவ்வொரு அப்பளமும் தாம்பாளம் அளவுக்கு, அதற்கப்பால் வரிசை வரிசையாகச் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் காய வைக்கும் அக்கா, அவளுக்குப் பின்னால் மலை. கல்லிடைக்குறிச்சி என்று எழுதி ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. வைடில் முன்னால் ஒன்று வேண்டும், அதை நெருங்கியும் போக வேண்டும். நீ எப்போதும் பத்தடி தள்ளி நின்று எடுக்கிற ஆள், அதனால்தான் சொல்கிறேன்.

பனைமரங்களையும் அண்ணாந்து எடுத்தேன். இரண்டு பக்கத்து மரமும் நடுவை நோக்கிச் சாய்ந்துவிட்டன. மட்டமாகப் பிடித்தால் நேராக நிற்கின்றன, தலைதான் வெட்டுப்படும். தள்ளிப் போய் எடு, அல்லது சாய்வதே அழகு என்று விட்டுவிடு. ஓலை நுனியில் வானத்தை ஒட்டி ஊதாக் கோடு வருகிறது, அதைக் கம்ப்யூட்டரில் நீக்கிவிடலாம். நீக்க முடியாதது மாலை வெயில் செய்யும் வேலை. மலைக்கு மேலே சூரியன் இறங்கும்போது அதைச் சட்டத்துக்குள் விட்டால் பச்சைப் பொட்டுகள் குறுக்காக விழுகின்றன. இந்த லென்ஸின் பெரிய குறை அது. சூரியனை மரத்துக்குப் பின்னால் மறைத்து எடு.

கல்யாண குரூப்புக்கு இதை எடுத்துக்கொண்டு போகாதே. வீட்டில் எல்லாரையும் நிற்க வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற உன் பெரியம்மா ஒரு சுற்றுப் பருத்துவிட்டார், படத்தைக் காட்டியதிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை. 16-இல் வைத்து ஆட்களை நடுவில் நிறுத்தினால் பரவாயில்லை. ஆனித் தேருக்கு நெல்லைக்கு வந்தாயானால் ரதவீதிக் கூட்டத்துக்குள் நின்று எடுக்க இதைவிட நல்லது கிடையாது. தள்ளி நிற்க அங்கே இடம் ஏது?

ஆக, வைத்துக்கொள். முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு ஹூட் அனுப்பவில்லை, பின்மூடியும் வேறு ஏதோ கம்பெனியுடையது, தளர்வாக இருக்கிறது. இரண்டையும் சொல்லி, மோட்டார் விஷயத்தையும் சொல்லி, கொஞ்சம் குறைத்துக் கேள். வெட்கப்படாதே. குறைக்க மாட்டேன் என்றால் ஹூட்டையாவது அனுப்பச் சொல். அதுவரை லென்ஸ் என்னிடமே இருக்கட்டும், சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். உன் அப்பா வேறு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சீக்கிரம் வந்து வாங்கிக்கொண்டு போ.

அம்மா