அரைப் பலகைச் சாப்பாடு

கும்பகோணம்.

அன்பு மகள் யாழினிக்கு, அப்பா எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு மாப்பிள்ளை, பேரன், உன் நலம் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, ஸ்பெயினில் நீங்கள் தங்கப்போகும் கடற்கரை விடுதியின் சீட்டில் 'ஹாஃப் போர்டு' என்று போட்டிருக்கிறதே, அரைப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுச் சிரித்தாய். காலைப் பலகாரமும் இராச் சாப்பாடும் வாடகையில் அடக்கம், மதியச் சாப்பாடு உங்கள் செலவு என்று அப்போது சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் மின்சார வாரியத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து, 'போர்டு உத்தரவுப்படி' என்று ஆயிரக்கணக்கான கோப்புகளில் எழுதிக் கையெழுத்து வாங்கியவனுக்கு அந்த விடை போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சிரித்துக்கொண்டு சொன்ன பலகைதான் உண்மையில் எல்லாவற்றுக்கும் மூலம். பழைய ஆங்கிலத்தில் 'போர்டு' என்ற சொல் அறுத்த மரப்பலகையைக் குறித்தது. இடைக்கால இங்கிலாந்தில், பெரிய வீட்டுக் கூடங்களில்கூட, பெரும்பாலும் சாப்பாட்டு மேசை என்று நிலையாக ஒன்று கிடப்பதில்லை. உண்ணும் வேளையில் கால்தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீளப் பலகைகளைப் பரப்பி, சாப்பிட்டு முடித்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள். நம் கல்யாண மண்டபங்களில் பந்திக்கு மேசை போட்டு எடுப்பதை நினைத்துக்கொள். பலகை வந்தால் சோறு வரப்போகிறது என்று பொருள் ஆகவே, பலகையின் பெயர் முதலில் மேசைக்கும், பிறகு மேசைமேல் வரும் சாப்பாட்டுக்கும் ஏறிவிட்டது. உன் விடுதிச் சீட்டில் இருப்பதும், விடுதியோடு கூடிய பள்ளியை 'போர்டிங் ஸ்கூல்' என்பதும் இந்தச் சாப்பாடுதான். கிண்ணங்களைப் பார்வைக்கு அடுக்கி வைத்த பலகைதான் முதலில் கப்போர்டு. அதற்குக் கதவு பிற்பாடு வந்தது.

சிறுவயதில் கடைத்தெருவில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பெயர்ப்பலகை மாட்டியிருப்பதால் அது போர்டிங் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். நீ முதன்முதலாகப் புறப்பட்ட அன்று திருச்சி விமான நிலையத்தில் 'போர்டிங்' என்று திரையில் ஓடியபோது உன் அம்மா, உள்ளே உனக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று நிம்மதி அடைந்தாள். அவள் எண்ணியதில் இலக்கணப்படி பிழை ஏதும் இல்லை.

விமானத்துக்கு அந்தச் சொல் கப்பலிலிருந்து வந்தது. மரக்கப்பலின் பக்கவாட்டுச் சுவரும் போர்டுதான். அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே கால் வைத்தவர் 'ஆன் போர்டு', வெளியே விழுந்தவர் 'ஓவர்போர்டு'. பழைய கப்பல்களில் திருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்ததால், வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு' ஆயிற்று. அதற்கும் விண்மீனுக்கும் தொடர்பில்லை, திருப்புதல் என்று பொருள்படும் 'ஸ்டியர்' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது. இடப்பக்கத்தை 'லார்போர்டு' என்றார்கள். புயல் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் மாலுமி என்ன செய்வான்? பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் லார்போர்டைக் கைவிட்டு, துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' என்ற சொல்லை இடப்பக்கத்துக்கு வைத்தது. தமிழில் எழுதும்போது அந்தப் போர்ட்டும் நம் போர்டும் ஒன்றுபோல் தெரிந்தால் குற்றம் என்னுடையதல்ல.

இனி நான் சோறு தின்ற போர்டுக்கு வருகிறேன். சாப்பாடு எடுத்த பிறகு அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்கும் வழக்கும் பேசியவர்களின் கூட்டத்துக்கும் மேசையின் பெயரே நின்றது. ஆங்கிலேயர் இந்தப் பொருளோடு சொல்லை நம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையில் 1786-இல் 'போர்டு ஆஃப் ரெவின்யூ' ஏற்பட்டது, பிறகு ஜில்லா போர்டுகள் வந்தன. உன் தாத்தா படித்தது போர்டு ஹைஸ்கூல், பாடம் நடந்தது பிளாக் போர்டில், அந்த இரண்டு போர்டுக்கும் உள்ள உறவை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1957-இல் மின்சார போர்டு தொடங்கியது. அதைத் தமிழில் வாரியம் என்றவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அகராதியைப் பார்த்துப் பலகை என்று போட்டிருந்தால், நான் மின்சாரப் பலகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் ஆகியிருப்பேன். வாரியம் புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடும்பு என்ற 30 ஊர்ப்பகுதிகளிலிருந்து குடவோலை முறையில் ஆள் எடுத்து, சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று அமர்த்தியதைச் சொல்கின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது என்று அதில் விதி இருக்கிறது. 2010-இல் எங்கள் வாரியத்தைப் பிரித்து நிறுவனங்களாக்கி வேறு பெயர் வைத்தார்கள். ஆனால் ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சூதாட்டத்தில் கை மேசைக்கு மேலே தெரிந்தால் ஏமாற்று இல்லை என்பதால் 'அபவ் போர்டு' என்றால் நேர்மை. குதிரை வண்டியில் குளம்படிச் சேறு தெறிக்காமல் முன்னால் அடித்த பலகை 'டாஷ்போர்டு'. அதே பெயரை மாப்பிள்ளை தம் அலுவலகக் கணினித் திரைக்குச் சொல்கிறார், அங்கே சேறும் இல்லை, பலகையும் இல்லை.

நம்மிடம் பலகை வேறு வழியில் போயிற்று. அவர்கள் பலகையின்மேல் சோற்றை வைத்தார்கள். நாம் சோற்றைத் தரையில் இலையில் வைத்து, பலகையின்மேல் ஆளை உட்காரவைத்தோம். மதுரைச் சங்கப் பலகையும் தகுதியுள்ள புலவருக்குத் தானே நீண்டு இடம் கொடுத்ததாகத்தான் புராணம் சொல்கிறது. அதைச் சுற்றி உட்காரவில்லை, அதன்மேலேயே உட்கார்ந்தார்கள்.

நீ சிறு பெண்ணாக இருந்தபோது சாப்பிட உட்கார்ந்த பலாமர மணை பரணில் இருக்கிறது. ஒரு பக்கத்துக் கட்டை பெயர்ந்து ஆடுகிறது. பேரன் மே மாதம் வருவதற்குள் ஆசாரியிடம் கொடுத்து ஆணி அடித்து வைக்கச் சொல்லி உன் அம்மா இரண்டு நாளாகக் கேட்கிறாள். நாளை கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
அப்பா.