நீச்சல் தடாகப் படத்தை நம்பிக் குளிர்காலம் முழுவதற்கும் காசு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோவில் இலை உதிரத் தொடங்கியதும் பனைமரமும் நீச்சல் தடாகமும் போட்ட ஆர்.வி. பார்க் (வீடு போன்ற வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஆட்களும் ட்ரெயிலர் ஒன்றை இழுத்துக்கொண்டோ, அங்கேயே நிரந்தரமாக நிற்கும் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்தோ, நான்கு மாதம் தெற்கே அமெரிக்காவில் இருந்துவிட்டு வர யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கண்ணால் பார்க்காத இடத்துக்கு முழுப் பருவத்துக்கும் முற்பணம் கட்டிவிட்டு, போய் இறங்கிய மூன்றாம் நாளே தலையில் கை வைப்பது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் வாடகைக்கு எடுப்பது பார்க்கை இல்லை, அதற்குள் ஏறத்தாழ பத்து மீற்றர் அகலமான ஒரு லொட்டை. ஒரே பார்க்கில் 40-ஆம் இலக்க லொட் சொர்க்கமாகவும் 112-ஆம் இலக்கம் நித்திரையில்லாத இடமாகவும் இருக்கும்.

பார்க் தேட முன்னர் நாட்கணக்கை முடியுங்கள். ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி தொடர்ந்து இருக்க வேண்டுமானால், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாட்களாவது ஒன்ராறியோவுக்குள் நின்றிருக்க வேண்டும். அமெரிக்க வரித் திணைக்களத்தின் கணக்கு வேறு. இந்த ஆண்டு அங்கே நின்ற நாட்கள் முழுவதும், போன ஆண்டின் நாட்களில் மூன்றிலொன்று, அதற்கு முந்திய ஆண்டில் ஆறிலொன்று. மூன்றையும் கூட்டி 183 வந்தால் வரி விடயத்தில் உங்களை அங்கே வதிபவராக எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுதோறும் 121 நாட்கள் நின்றால் கூட்டுத்தொகை 183-ஐத் தொடாது. நவம்பர் 20 முதல் மார்ச் 20 வரை, இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால், லீப் இல்லாத ஆண்டில் சரியாக 121. ஆண்டுக்கு 150 நாள் நிற்பவருக்கு 150, 50, 25 என்று 225 ஆகிவிடும். அப்படியானவர்கள் 8840 படிவத்தை நிரப்பி, தங்கள் நெருங்கிய தொடர்பு கனடாவோடுதான் என்று காட்ட வேண்டும். அங்கே சம்பளம் எடுக்காதவர்களுக்குக் கடைசி நாள் ஜூன் 15. ஒரே ஆண்டில் 183 நாளை எட்டிவிட்டால் அந்தப் படிவமும் உதவாது. 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாட்கள் அல்லது அதற்கு மேல் தங்கும் கனடியரும் அங்கே பதிவுசெய்யப்பட்டவராக இருக்க வேண்டும். தரை எல்லையில் ஐ-94 என்ற வருகைப் பதிவைப் பெற்றுக்கொண்டால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் ஜி-325ஆர் படிவம் போட வேண்டும். கனடிய நிரந்தர வதிவிடம் மட்டும் வைத்துக்கொண்டு இலங்கைக் கடவுச்சீட்டில் பயணம் செய்பவருக்கு அமெரிக்க விசா தேவை. லொட்டுக்குக் காசு கட்டிய பிறகு இதை நினைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்தது ஊர். தெற்கு என்றால் எல்லாம் சூடு என்று நினைக்கக் கூடாது. புளோரிடாவின் வடமேற்குக் கரையில் பென்சகோலா, பனாமா சிற்றிப் பக்கம் பார்க்குகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரியில் அங்கே கடலில் குளிக்கும் காலநிலை இல்லை. 2025 ஜனவரி 21-இல் பென்சகோலாவில் பனியே கொட்டியது. குளிர்காலம் முழுக்க இதமாக இருக்க வேண்டுமானால் ஒக்கிச்சோபி ஏரிக்குக் கீழே, தெற்குப் புளோரிடாவுக்குப் போக வேண்டும். அரிசோனாவில் உயரத்தைப் பாருங்கள். யூமா கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது, பகலில் ஜனவரியிலும் 20 பாகையைத் தாண்டும். பென்சன் ஊர் ஆயிரம் மீற்றருக்கு மேல், இரவில் குழாய் உறையும். பிளாக்ஸ்டாஃப் 2,100 மீற்றரில் இருக்கிறது, பனிச்சறுக்கு ஊர். ரெக்சசின் தென்முனையில் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் மிஷன், வெஸ்லாகோ, ஹார்லிஞ்சன் ஊர்களைச் சுற்றிப் பார்க்குகள் நிறைய உண்டு. செலவும் புளோரிடாவை விடக் குறைவு. ஆனால் வடக்கிலிருந்து திடீரென்று இறங்கும் குளிர்காற்று ஒரு மணித்தியாலத்துக்குள் பகலின் சூட்டைத் துடைத்துவிடும். 2021 பெப்ரவரியில் அந்தப் பள்ளத்தாக்கிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய், மின்சாரமும் நின்றது. ஆகவே எங்கே போனாலும் தண்ணீர்க் குழாயைச் சுற்றக் காப்புறையும், நிரப்பிய காஸ் சிலிண்டர் ஒன்றும் கையில் இருக்கட்டும். 20 இறாத்தல் சிலிண்டர் 30,000 பி.ரி.யு. ஹீற்றரை இடைவிடாமல் எரித்தால் 14 மணித்தியாலம் தாங்கும். ஹீற்றர் விட்டுவிட்டு எரியும் என்பதால் இரண்டு, மூன்று இரவுக்குக் காணும்.

மின்சாரத்தைப் பற்றித்தான் ஆகக் குறைவாகக் கேட்கிறார்கள், ஆகக் கூடுதலாகச் சேதம் வருவதும் அதனால்தான். லொட்டில் 30 அம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 50 அம்ப் என்பது 20 அம்ப் மட்டும் கூடியது இல்லை. அதில் 50 அம்ப் கம்பிகள் இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கும். கூரை ஏசி ஓடும்போது 13 முதல் 15 அம்ப் எடுக்கும். 1,500 வாட் மின் கேத்தில் 12.5 அம்ப். பற்றரி சார்ஜரும் குளிர்சாதனப் பெட்டியும் இன்னும் ஐந்தாறு. 30 அம்ப் லொட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டால் பிரேக்கர் விழும். பிறகு சோறு ஆக்குவது எப்படி? ஏசியை நிறுத்திவிட்டுத்தான். நீண்ட நேரத்துக்கு 24 அம்புக்கு மேல் இழுக்காமல் இருந்தால் பிளக்கும் சூடாகாது. கருகிய பிளக் முனைகள் பெரும்பாலும் தொடர்ந்து முழுச் சுமை இழுத்ததாலும், லொட்டின் மின்பெட்டியில் உள்ள தேய்ந்த சொக்கெற்றாலும் வருபவை. சொக்கெற்றின் முகம் மண்ணிறமாகியிருந்தால், பிளக் தளர்ந்து ஆடினால், அந்த லொட்டை எடுக்காதீர்கள்.

அதைவிட மோசமானது வோல்ட் விழுவது. பழைய பார்க்குகளின் நிலத்தடிக் கம்பி, எல்லாரும் ஒரு ஏசி மட்டும் வைத்திருந்த காலத்தில் புதைத்தது. பெப்ரவரியில் பார்க் நிறைந்து, சூடான பின்னேரம் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது வரிசையின் கடைசியில் இருக்கும் லொட்டுகளுக்கு 105 வோல்ட்டுக்கும் குறைவாக வரும். வோல்ட் குறைந்தால் கொம்பிரசர் மோட்டர் அதே வேலைக்குக் கூடுதல் அம்ப் இழுத்துச் சூடேறி, சுருள் எரியும். ஏசி அன்றைக்கே நிற்காது. இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் நிற்கும், அப்போது யாரைக் கேட்பது? வோல்ட் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை வாங்குங்கள். இடி மின்னலை மட்டும் தடுக்கும் மலிவான கருவி வோல்ட் விழும்போது ஒன்றும் செய்யாது. பார்க் அலுவலகத்தில், பார்க்குக்கு மின்சாரம் வந்து சேரும் முதன்மைப் பெட்டிக்கு அருகில் உள்ள லொட் எது என்று கேளுங்கள். வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

மாத வாடகையில் மின்சாரம் பெரும்பாலும் சேராது, மீற்றர் பார்த்துத் தனியாக எடுப்பார்கள். 1,500 வாட் ஹீற்றரை இரவில் பத்து மணித்தியாலம் போட்டால் ஒரு மாதத்துக்கு 450 யூனிற். யூனிற் 15 சதம் என்றால் 67 டொலர் ஐம்பது சதம். வந்து இறங்கியவுடன் மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். புளோரிடாவில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ தங்கும் லொட்டுக்கு மாநில வரியும் மாவட்ட வரியும் உண்டு. சொல்லும் விலையில் அது அடங்குமா என்றும் கேளுங்கள்.

கழிவுக் குழாய் விடயத்தில் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். உங்கள் ட்ரெயிலரில் கழிவு வெளியேறும் வாயைவிட நிலத்தில் உள்ள துளை தாழ்வாக இருக்கிறதா? குழாய் ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றராவது சரிய வேண்டும். சில லொட்டுகளில் துளை மேடாக இருக்கும், அங்கே கழிவு பின்னால் திரும்பி நிற்கும். இன்னொரு பிழை, நான்கு மாதமும் கறுப்புத் தாங்கியின் (மலசலக் கழிவு சேரும் தாங்கி) வால்வைத் திறந்தே விடுவது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது கீழே கூம்பு போலக் குவிந்து காய்ந்துவிடும். பிறகு அதை உடைக்க ஆள் பிடிக்க வேண்டும். கறுப்புத் தாங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை மூடி வைத்து, ஒரே தடவையில் திறவுங்கள். அதற்கு முதல் நாள் குளியல், குசினித் தண்ணீர்த் தாங்கியை மூடி நிரப்பி வைத்தால், கறுப்புக்குப் பிறகு அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கறி எண்ணெயைக் குசினித் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் எங்கள் சமையலில் இது வீட்டை விட ட்ரெயிலரில் பத்து மடங்கு வேகமாக அடைக்கும்.

தண்ணீர் அழுத்தம் சில பார்க்குகளில் 80 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும். 45 முதல் 60 வரை கட்டுப்படுத்தும் கருவியைக் குழாய்த் தலையிலேயே பூட்டுங்கள், ட்ரெயிலர் பக்கம் பூட்டினால் இடையில் உள்ள ஹோஸ் வெடிக்கும்.

சத்தத்தையும் நாற்றத்தையும் எந்த விளம்பரமும் சொல்லாது. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பார்க்கைச் சுற்றி இரண்டு கிலோமீற்றர் பாருங்கள். தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடம் இருக்கிறதா? அங்கே ரயில் 15 முதல் 20 விநாடிகள், 96 முதல் 110 டெசிபலில் ஊத வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஊதத் தடையுள்ள அமைதி வலயம் என்றால்தான் தப்பலாம். ஒக்கிச்சோபி ஏரியின் தெற்கே, பெல் கிளேட், கிளெவிஸ்ரன் பக்கம் ஒக்ரோபரிலிருந்து வசந்தம்வரை கரும்புத் தோட்டம் எரிப்பார்கள். சாம்பல் கூரையில் விழும், இழுப்பு வருத்தக்காரருக்கு ஆகாது. யூமாவில் கீரை வயலுக்கு அடுத்த லொட் என்றால் விமானம் மருந்து தெளிக்கும். மாட்டுப் பட்டி இருந்தால் காற்றடிக்கும் திசையைக் கேளுங்கள். விமர்சனங்களில் ஜனவரி, பெப்ரவரியில் எழுதியவற்றை மட்டும் வாசியுங்கள், ஜூலையில் இரண்டு இரவு நின்றவருக்கு ஐந்து நட்சத்திரம் போடுவது லேசு.

உடல்நிலைக்கு வருவோம். கனடாவுக்கு வெளியே வைத்தியசாலையில் படுத்தால் ஓஹிப் நாளுக்கு ஆகக் கூடியது 400 கனடிய டொலர்தான் தரும். அமெரிக்க வைத்தியசாலையில் அது ஒரு மூலைக்கும் காணாது. பயணக் காப்புறுதியில் 'நிலையான உடல்நிலை' என்ற நிபந்தனையை வரிக்கு வரி வாசியுங்கள். பல ஒப்பந்தங்களில் மருந்தின் அளவைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் மாற்றம்தான், அந்த வருத்தத்துக்குக் காப்புறுதி கிடைக்காது. ஆகவே குடும்ப வைத்தியரிடம் மருந்து மாற்றும் பேச்சைப் புறப்படும் மாதத்துக்குத் தள்ளாமல் கோடையிலேயே முடியுங்கள். பீனிக்ஸ், ரூசன் பக்கப் புழுதியில் உள்ள ஒரு பூஞ்சணத்தால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற நுரையீரல் நோய் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கடுமையாகலாம். தார் போடாத, புழுதி பறக்கும் பார்க்கை அவர்கள் எடுக்கக் கூடாது. இன்சுலின் வைக்கும் ஆர்.வி. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். 2 முதல் 8 பாகைக்குள் நிற்க வேண்டும், காஸில் ஓடும் பெட்டி குளிர்ந்த இரவில் உறைநிலைக்கும் போகும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உதவாது.

கறிவேப்பிலைச் செடியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பச்சை இலையும் வேண்டாம். எலுமிச்சை, தோடைகளை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால் அமெரிக்க எல்லையில் தடை. ஒளித்து வைத்துப் பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டி வரும். கோயில் வேண்டும் என்பவர்கள் தம்பா நகரை நினைக்கலாம், அங்கே கோபுரத்தோடு இந்துக் கோயில் உண்டு. ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு ஹூஸ்ரனுக்குப் பக்கத்துப் பெயர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போவதென்றால் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், பொங்கலுக்கு ஒருதரம் போய்வரலாம்.

தொலைபேசியில் இவற்றையும் கேளுங்கள்: 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமா, பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் நிற்கலாம், பத்து ஆண்டுக்குப் பழைய ட்ரெயிலரை விடுவார்களா, நடுவில் வருத்தம் வந்து திரும்ப நேர்ந்தால் மிச்சக் காசு என்னாகும். பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். கோடையிலும் ட்ரெயிலரை அங்கேயே விட்டுவர நினைத்தால் வெள்ள வலய வரைபடத்தைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். 2022 செப்ரெம்பர் 28-இல் இயன் சூறாவளி போர்ட் மயர்ஸ் பக்கம் கரையேறியபோது கடலோரப் பார்க்குகள் தண்ணீருக்குள் போயின.

முதல் ஆண்டு ஒரு பார்க்கில் முழுப் பருவமும் எடுக்காதீர்கள். ஒரு பார்க்கில் ஒரு மாதம், அடுத்ததில் இன்னொரு மாதம் என்று நில்லுங்கள். மாத வாடகை கொஞ்சம் கூடும்தான். பின்னேரம் ஏசிகள் ஓடும் நேரம் வரிசை வரிசையாக நடந்து, கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். ரெக்சசில் கதவு தெற்கு நோக்கினால் வடகாற்று முதுகில் அடிக்கும், அரிசோனாவில் மேற்கு நோக்கினால் பின்னேர வெயில் உள்ளே வரும். பிடித்த லொட்டின் இலக்கத்தை எழுதிக்கொண்டு, மார்ச்சில் புறப்பட முன்னரே அலுவலகத்தில் அதே இலக்கத்தை அடுத்த நவம்பருக்குப் பதியுங்கள். நல்ல லொட்டுகள் அப்போதே போய்விடும்.

இப்படிக்கு,
வாசகர், ஸ்காபரோ