வீட்டுக்கே வரட்டும் மனநல ஆலோசகர்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வீட்டிலேயே மனநலச் சிகிச்சை என்றால் ஏதோ சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். என் ஒன்பது வயது மகன் ஆலோசகர் அறையில் அவ்வளவு சமர்த்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான். பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூவை வீசிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வது அங்கே எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்த ஆலோசகர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். அவனைக் கூப்பிடவே இல்லை. என்னைத்தான் கவனித்தார். அவன் பயப்படப் பயப்பட என் குரல் ஏறுகிறது என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது.

இது புதிதல்ல. 1970களிலேயே அமெரிக்காவின் மிச்சிகனில் குழந்தை மனநல நிபுணர் செல்மா ஃப்ரைபெர்க், கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் வீடு தேடிச் சென்று சமையலறையிலேயே உட்கார்ந்து பேசினார். கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள பதின்பருவத்தினருக்கான மல்டிசிஸ்டமிக் தெரபியில் (குடும்பம், பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் சிகிச்சை) ஓர் ஆலோசகருக்கு ஒரே சமயத்தில் 4 முதல் 6 குடும்பங்கள்தான். 3 முதல் 5 மாதங்கள் வீட்டுக்கே வருகிறார்கள்.

ஆள் அதிகம் வேண்டும், செலவும் கூடும். மறுக்கவில்லை. ஆனாலும் அரசுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வீட்டுச் சந்திப்பை, ஆலோசகரின் பயண நேரம் உட்பட, சிகிச்சைச் செலவாகவே ஏற்க வேண்டும்.

– ஒரு தாய்