நாடகம் படிக்கிற என் அக்கா பொண்ணுக்கு

பாப்பா,

உங்க தியேட்டர் டிபார்ட்மெண்ட்ல நிறம் பாத்து பசங்கள வேற வேற மாதிரி நடத்தறாங்க, அத மாத்தணும்னு உங்க ஹெட்டுக்கு குடுக்கப் போற லெட்டரோட டிராஃப்ட் அனுப்பியிருந்தியே, முழுசா படிச்சேன். பதில உனக்கு மட்டும் அனுப்பாம இங்க எழுதறதுக்கு காரணம் இருக்கு. அமெரிக்கால தியேட்டர் படிக்கிற நம்ம பசங்க உன்ன மாதிரி இன்னும் இருக்காங்க, "படிக்கப் போன எடத்துல போராட்டம் எதுக்கு"ன்னு கேக்கற அப்பா அம்மாவும் இருக்காங்க, அவங்களும் படிக்கட்டும்னுதான். உன் பேரோ காலேஜ் பேரோ எங்கயும் வராது.

நீங்க கேக்கறது நூத்துக்கு நூறு நியாயம், அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல. ஆடிஷன்ல உன்ன மட்டும் "இதையே கொஞ்சம் இந்தியன் ஆக்சென்ட்ல படி"ன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்க, நீ பொறந்து வளந்ததே நியூ ஜெர்சில, அந்த ஆக்சென்ட்ட நீயே நடிச்சுதான் காட்டணும். ஆனா அதவிட எனக்கு கோவம் வந்தது வேற எடத்துல. ஸ்கின் கலர்னு ஷோவுக்கு குடுக்கற டைட்ஸும் கன்னத்துல மைக் ஒட்டற டேப்பும் வெள்ளத் தோலுக்கு மட்டும்தான் பொருந்துது, மேக்கப் கிட்ல உன் நிறத்துக்கு ஃபவுண்டேஷனே கெடையாது, நீயும் உன் கூட படிக்கிற கறுப்பினப் பொண்ணும் சொந்தக் காசுல வாங்கிட்டு வரீங்க, அவ முடிக்கு பின்னல் போடத் தெரிஞ்சவங்க காஸ்ட்யூம் ஷாப்ல யாரும் இல்லாததால டெக் வாரத்துல, அதாவது ஷோவுக்கு முன்னாடி லைட், சவுண்டு எல்லாம் வெச்சு ஒத்திகை பாக்கற வாரத்துல, அவ மட்டும் எல்லாருக்கும் முன்னாடி வந்து தனியா கண்ணாடி முன்னாடி உக்காந்து பின்னிக்கிறா. ஃபீஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இத நீ லெட்டர்ல கடைசி பக்கத்துல ஒரு வரில போட்டிருக்க, முதல் பக்கத்துக்கு கொண்டு வா. இதுக்கு யாராலயும் "கலை சார்ந்த முடிவு"ன்னு பதில் சொல்ல முடியாது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். உங்க லெட்டர்ல முக்காவாசி காஸ்டிங் லிஸ்ட் பத்தி இருக்கு, யாருக்கு எந்த ரோல் குடுத்தாங்க, ஏன் குடுக்கலன்னு. காஸ்டிங் லிஸ்ட் ஒட்டற நாளைக்குள்ள பெரிய முடிவெல்லாம் முடிஞ்சு போயிருக்கும், அப்ப போய் கேக்கறது பத்திரிக அடிச்சதுக்கப்பறம் பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கற மாதிரிதான். எந்த நாடகம் போடறதுன்னு யார் முடிவு பண்ணாங்க, டைரக்டர் யாரு, அட்மிஷன் ஆடிஷனுக்கு எந்தெந்த ஊருக்குப் போய் பசங்கள பாத்தாங்க, இந்த கேள்விங்க எல்லாம் அதுக்கு முன்னாடி வரணும்.

2015ல பென்சில்வேனியால கிளாரியன் யுனிவர்சிட்டில நடந்தது உனக்கு தெரிஞ்சிருக்கும். லாய்ட் சூ எழுதுன 'ஜீசஸ் இன் இண்டியா' நாடகத்த எடுத்தாங்க, அதுல வர இந்திய கேரக்டர்கள்ல ரெண்டுக்கு வெள்ளைக்கார பசங்கள போட்டாங்க, மேடையேற சில நாளே இருக்கும்போது இது லாய்ட் சூவுக்கு தெரிய வந்து, ரோல மாத்துங்க இல்லன்னா நாடகத்த நிறுத்துங்கன்னு சொல்லி உரிமைய திரும்ப வாங்கிட்டார். யுனிவர்சிட்டி பக்கம் சொன்ன காரணம், எங்ககிட்ட ஆசிய மாணவர்கள் ரொம்ப கம்மி, அதுக்காக இந்த மாதிரி நாடகத்தயே தொடக்கூடாதான்னு. அந்தப் பசங்க மாசக்கணக்கா ஒழச்சது வீணாப் போச்சுங்கறதுல எனக்கும் வருத்தம்தான், அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா ஆசிய மாணவர்கள் கம்மின்னு அந்த நாடகத்த எடுக்கும்போதே தெரியும்ல? அப்ப ஏன் எழுத்தாளர்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் கூப்பிட்டிருக்கலாமேன்னு ஏன் யோசிக்கல? ஏன் நம்மகிட்ட அந்தப் பசங்க வந்து சேரவே மாட்டேங்கறாங்கங்கற கேள்வி அப்ப எங்க போச்சு? பழி எல்லாம் கடைசில நாடகத்த நிறுத்துனவர் தலைல விழுந்துச்சு.

"நாங்க கலர் பாக்கறதே இல்ல, திறமையத்தான் பாக்கறோம்"னு உங்க ஹெட் சொன்னாருன்னு எழுதியிருக்க. இதுக்கு பதில் கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996லயே பிரின்ஸ்டன்ல நாடகக்காரங்க மாநாட்டு மேடைல சொல்லிட்டார். நிறம் பாக்காம ரோல் குடுக்கற கலர்பிளைண்ட் காஸ்டிங்க அவர் சுத்தமா ஒத்துக்கல, லார்ட்னு சொல்ற பெரிய தியேட்டர் அமைப்புல இருந்த 66 தியேட்டர்ல கறுப்பின தியேட்டர்னு சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான்னு எடுத்துக் காட்டினார். அந்த ஒண்ணு கிராஸ்ரோட்ஸ், நம்ம நியூ பிரன்ஸ்விக்ல இருக்கறதுதான், நீ எத்தன தடவ அந்தப் பக்கம் போயிருப்ப. வில்சன் சொன்ன எல்லாத்தயும் நான் ஏத்துக்க மாட்டேன், அவர் கணக்குப்படி போனா உனக்கு செக்காவ் கெடையாது ஷேக்ஸ்பியர் கெடையாது, ஜூலியட்டா நீ நிக்கறத நான் பாக்கணும்னு எனக்கு ஆச இருக்கு. ஆனா காசும் மேடையும் யார் கைல இருக்குன்னு பாக்காம ரோல் மட்டும் பேசி பிரயோஜனம் இல்லன்னு சொன்னார் பாரு, அங்க அவர் பக்கம்தான் நான்.

2020ல ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு அப்பறம் 'வீ சீ யூ, வைட் அமெரிக்கன் தியேட்டர்'னு வெள்ளையர் இல்லாத தியேட்டர்காரங்க 300 பேருக்கு மேல ஒரு லெட்டர்ல கையெழுத்து போட்டாங்களே, அவங்க பின்னாடி வெளியிட்ட கோரிக்கைப் பட்டியல எடுத்துப் படி. வாரம் ஆறு நாள் ரிகர்சல் வேணாம், டெக்ல டென் அவுட் ஆஃப் டுவெல்வ், அதாவது பன்னெண்டு மணி நேரத்துல பத்து மணி நேரம் வேல வாங்கற வழக்கம் வேணாம்னு எல்லாம் கேட்டிருப்பாங்க. இதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், வாடகைக்காக ராத்திரி வேலைக்குப் போற பையன் டெக்ல பத்து மணி நேரம் எப்படி நிப்பான்னு யோசிச்சா புரியும், அப்படி வேலைக்குப் போறவங்கள்ல யாரு அதிகம்னு உன் கிளாஸ்லயே பாத்தா தெரியும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம்னு நான் நெனக்கிறேன். காலேஜ் நிர்வாகத்துக்கு உங்கள எதுத்து ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, கமிட்டி போட்டு ரெண்டு வருஷம் இழுத்தா போதும், நீங்களே டிகிரி வாங்கிட்டு போயிடுவீங்க. ஹோவர்ட் யுனிவர்சிட்டில 1990கள் கடைசில ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ தனியா வெக்காம ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸோட சேக்கறாங்கன்னு பசங்க போராட்டம் பண்ணாங்க, அதுல முன்னாடி நின்ன ஒருத்தர், பின்னாடி 'பிளாக் பேந்தர்' படத்துல ஹீரோவா நடிச்ச சாட்விக் போஸ்மன். ஒரு கறுப்பின யுனிவர்சிட்டில கறுப்பின நடிகர்கள உருவாக்கற எடம் அது, அத சுருக்கறாங்கன்னா அந்தப் பசங்க வேற எங்க போவாங்க? போஸ்மனும் கூட படிச்ச சிலரும் ஆக்ஸ்ஃபோர்டு சம்மர் புரோகிராமுக்கு எடம் கெடச்சும் கட்ட காசு இல்லாம இருந்தாங்க, டீச்சர் ஃபிலிசியா ரஷாட் நடிகர் டென்சல் வாஷிங்டன்கிட்ட கேட்டு அவர் காசு குடுத்துதான் போனாங்க. போராட்டம் அப்ப ஜெயிக்கல, காலேஜ சேத்துட்டாங்க, போஸ்மன் 2000ல டிகிரி முடிச்சு கெளம்பிட்டார். 2018ல பட்டமளிப்பு விழாக்கு அங்க வந்தப்பவும் அந்தப் போராட்டத்த பத்தி பேசினார், மறக்கவே இல்ல. 2021ல அந்த காலேஜ் திரும்ப தனியா வந்துச்சு, ஃபிலிசியா ரஷாட்தான் அப்ப டீனா வந்தாங்க, காலேஜ் பேரு சாட்விக் ஏ போஸ்மன் காலேஜ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். போஸ்மன் 2020 ஆகஸ்ட்லயே எறந்து போயிட்டார். இத நெனச்சா எனக்கு சந்தோஷமும் துக்கமும் சேந்தே வருது, ஏன்னா அவர் கேட்டது தப்பான விஷயம் இல்லன்னு ஒத்துக்க அவங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அதனால பாப்பா, லெட்டர மாத்தி எழுது. நாடகம் தேர்ந்தெடுக்கற கமிட்டில ஓட்டுரிமையோட மாணவர்களுக்கு எடம், அட்மிஷன் ஆடிஷனுக்கு வந்து போற செலவுக்கு உதவி, அடுத்து எடுக்கப் போற டீச்சர் வேலைக்கான இன்டர்வியூ குழுல உங்க ஆள் ஒருத்தர், மேக்கப், முடி, டைட்ஸ் செலவு டிபார்ட்மெண்ட் பட்ஜெட்ல. ஒவ்வொண்ணுக்கும் தேதி கேளு, பதில் எழுத்துல வரணும்னு கேளு, ஹெட் ரூம்ல உக்கார வெச்சு காபி குடுத்து சொல்ற உறுதிமொழி எல்லாம் அடுத்த வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கையெழுத்து போட்டவங்க லிஸ்ட்ட பாத்தேன், எல்லாரும் உன் பேட்ச், அடுத்த மே மாசம் ஒருத்தர் கூட அங்க இருக்க மாட்டீங்க. ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர் பசங்கள்ல ரெண்டு மூணு பேர இந்த வாரமே மீட்டிங்குக்கு கூப்பிடு, மெயில் எல்லாத்துலயும் அவங்கள சேத்துக்கோ, மீட்டிங்ல யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி வெக்கற வேலைய அவங்ககிட்ட குடு. அடுத்த சீசனுக்கான நாடகங்கள பிப்ரவரில முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னல்ல, லெட்டர் அதுக்கு முன்னாடி போய் சேரணும். மாத்துன டிராஃப்ட்ட அனுப்பு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூப்பிடறேன், அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.

உன் சித்தி