ஏற்காடு பஸ்ல பக்கத்து சீட்ல வந்த அக்காவுக்கு

போன ஞாயித்துக்கிழமை சேலத்துல இருந்து ஏற்காடு போற பஸ்ல, மடில காலி பூக்கூடை வச்சிருந்தீங்களே அக்கா, உங்க பேர் கூட நான் கேக்கல. ஏழாவது ஹேர்பின் பெண்டு தாண்டறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சு கையெல்லாம் மரத்துப்போய் இப்பவே செத்துருவேன்னு நெனச்சேன், மூணு வருஷமா பேனிக் அட்டாக் இருக்கு, மாத்திரை கவுன்சிலிங் எல்லாம் போயிட்டுதான் இருக்கு, ஆனா அந்த நேரத்துல எல்லாமே மறந்துடுது. நீங்க எதையும் நோண்டி கேக்கல. "ஒண்ணுமில்ல கண்ணு, மூச்ச மெதுவா வெளிய விடு, அடுத்த பெண்டு போர்டு நம்பர படி"ன்னீங்க. எட்டு, ஒம்போது, பத்து... 20 வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே படிச்சோம். மூச்ச இழுக்கறத விட விடறது நீளமா இருந்தா படபடப்பு கொறையும்னு டாக்டரும் சொல்லிருக்காங்க, ஆனா உங்க காய்ச்சுப்போன கை என் கை மேல இருந்ததாலதான் அன்னிக்கு செய்ய முடிஞ்சுது. பதினாலுக்கு மேல மரப்பு விட்டுச்சு, சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்கறதே அப்பதான் கண்ணுல பட்டுச்சு.

என்ன மாதிரி தவிக்கறவங்க யாராவது இத படிச்சா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

எறங்கறப்ப "திரும்பி போறப்பவும் எண்ணிக்கோ"ன்னீங்க. எண்ணினேன்க்கா, 20ல இருந்து ஒண்ணு வரைக்கும். ரொம்ப ரொம்ப நன்றிக்கா.