லிமிஞ்ச் பயணம்: சனிக்கிழமை காலை 10 மணி

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட்டில் உள்ள லிமிஞ்ச் கிராமத்துக்குப் போகிறோம். ஊருக்கு ரயில் கிடையாது, ஃபோக்ஸ்டன் சென்ட்ரலில்தான் இறங்க வேண்டும். காரில் வருபவர்கள் எத்தனை பேரை ஏற்றிக்கொள்ளலாம் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஏன் லிமிஞ்ச்? வட இங்கிலாந்தில் அப்போது இருந்த நார்தம்ப்ரியா நாட்டின் அரசர் எட்வின் 633-ல் போரில் இறந்ததும், அவருடைய மனைவி எத்தல்பர்கா பிறந்த மண்ணான கென்ட்டுக்குத் திரும்பி இங்கே கிறிஸ்தவ மடம் நிறுவினார் என்பது மரபு. அந்தக் காலத் தேவாலயத்தின் அடித்தளம் இப்போதைய தேவாலயத்தின் தெற்குச் சுவரை ஒட்டியே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஊர்ப் பாதிரியார் ஒருவர் தோண்டிப் பார்த்த இடம். 2019-ல் பிரிட்டனின் தேசிய லாட்டரி தந்த நிதியோடு தொல்லியலாளர்களும் ஊர்த் தன்னார்வலர்களும் மறுபடி தோண்டினார்கள்.

அப்புறம் டெய்ன் ஃபீல்ட். 2012-ல், ஏறக்குறைய அதே காலத்து 21 மீட்டர் நீள மர மண்டபத்தின் தடம் கிடைத்த புல்வெளி. இப்போது பார்த்தால் வெறும் புல்தான், ஏமாந்துவிடாதீர்கள்! எனக்கு அதைவிடப் பிடித்தது லிமிஞ்சில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டு இரும்புத் துண்டு: கலப்பையில் கொழுவுக்கு முன்னால் மண்ணைக் கீறிக்கொண்டு போகும் கத்தி. அப்படிக் கத்தி பூட்டிய கனமான கலப்பை இங்கிலாந்துக்கு வந்தது பல நூற்றாண்டு கழித்துத்தான் என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளை ஓடவிட வேண்டாம். புல் ஈரமாக இருக்கும், பூட்ஸ் போட்டு வாருங்கள். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வருவது.